கம்பி இல்லாத கப்பல்

"குரு, உண்மையைச் சொன்னது ஒரு குத்தமா?"

கேட்டுக்கொண்டே மாசிலாமணி உள்ளே வந்தார்.

குரு அவருடைய காலைப் பார்த்தார். மாசிலாமணி திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

குரு என்றதும் தாடியும் காவியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பெயர் ஸ்டெல்லா. மாசிலாமணியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். திருச்சி பாலக்கரையில் பல் செட் செய்துகொடுக்கும் கூடம் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மேசையில், பல்லுக்கு மெருகேற்றும் அதே அரங்களையும் தூரிகைகளையும் வைத்துக்கொண்டு விண்கல மாடல்கள் செய்வார்.

ஊரில் விண்வெளிப் பித்துப் பிடித்த ஏழெட்டுப் பேர் அங்கேதான் கூடுவார்கள். ஆளுக்கொரு பெட்டியைப் பிரித்து, பிளாஸ்டிக் துண்டுகளை நறுக்கி ஒட்டி வண்ணம் பூசியபடியே, எந்தப் படம் உசத்தி என்று சண்டை போடுவார்கள். சண்டை என்றால் சாதாரணச் சண்டை இல்லை. கொடுத்த டீ ஆறிப்போகும், ஒட்டுப்பசை காய்ந்துபோகும், சண்டை மட்டும் ஆறாது.

அத்தனை சண்டையிலும் வாயைத் திறக்காத ஒரே ஆள் ஸ்டெல்லா. முதலில் கேலிக்குத்தான் குரு என்று கூப்பிட்டார்கள். அப்புறம் அதுவே பெயராகிவிட்டது.

"சொல்லுங்க குரு. குத்தமா?"

"யார்கிட்ட சொன்னீங்க?"

"சிக்கந்தர்கிட்ட."

குரு கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

மாசிலாமணி கொதிகலன் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். குழாயைப் பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் சிவப்புச் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். வட்டம் விழுந்த குழாய் வாசலைத் தாண்டாது. நல்ல வேலைதான், அவர் போடுகிற வட்டத்தால் எத்தனையோ பேர் உயிரோடு வீடு போய்ச் சேர்கிறார்கள். ஆனால் அந்தப் பழக்கத்தை அவர் இந்தக் கூடத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். யாராவது தனக்குப் பிடித்த படத்தின் பெயரைச் சொன்னால் போதும். எரிபொருள் இத்தனை நாளைக்கு எப்படிப் போதும், அந்தக் கிரகத்தில் எப்படி நடக்க முடியும் என்று குடைந்து எடுத்துவிட்டு, கடைசியில் விரலால் காற்றில் ஒரு வட்டம் போடுவார்.

எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு ருசி கண்ட மனுஷன் லேசில் விடுவானா?

போன மாதம் சிக்கந்தருக்குப் பிடித்த படத்துக்கும் வட்டம் விழுந்தது.

அது ஒரு பழைய படம். சனிக் கிரகத்தின் வளையத்தை ஒட்டி ஒரு சரக்குக் கப்பல் போகும். திரையின் இந்த ஓரத்தில் நுழைந்து அந்த ஓரம் வரைக்கும், பேச்சே இல்லாமல், உறுமிக்கொண்டே போகும். அந்த ஒரு காட்சிக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றான் சிக்கந்தர்.

காற்றே இல்லாத இடத்தில் உறுமல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார் மாசிலாமணி. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாதா, படம் எடுத்தவன் காது குத்துகிறான், நீயும் காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்றார். பிறகு வட்டம் போட்டார். அன்றைக்குப் பெரிய வட்டம்.

கூடமே சிரித்தது. சிக்கந்தர் மட்டும் சிரிக்கவில்லை. பாதி குடித்த டீயை வைத்துவிட்டு எழுந்து போனவன்தான், அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் வரவில்லை. போனை எடுப்பதில்லை. இன்றைக்குக் காலையில் ஆளை அனுப்பி, பாதி செய்து வைத்திருந்த தன் மாடலைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

பெட்டி போய்விட்டது என்றால் இனி ஆள் வரமாட்டான் என்று அர்த்தம். அதைக் கேள்விப்பட்டதும்தான் மாசிலாமணி இங்கே ஓடி வந்தார்.

"ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து ஒரே பெஞ்சு குரு. தங்கச்சிக்குக் கண்ணு போனப்ப, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போறப்பெல்லாம் நான்தான் கூடப் போனேன். ஒரு படத்தைச் சொன்னதுக்கா இவ்வளவு?"

தங்கச்சி என்று அவர் சொன்னது சிக்கந்தரின் மனைவி மெஹருன்னிசாவை. கண்ணில் நீரழுத்தம் ஏறி, இருந்த கொஞ்சநஞ்சப் பார்வையும் போய் இரண்டு வருஷமாகிறது.

"விண்வெளில சத்தம் உண்டா, இல்லையா? நீங்களே சொல்லுங்க."

"இல்ல."

"அப்ப நான் சொன்னது சரிதானே?"

"சரிதான்."

மாசிலாமணிக்கு ஏனோ அந்தப் பதில் இனிக்கவில்லை.

குரு அலமாரியைத் திறந்து ஒரு கலத்தை எடுத்து மேசையில் வைத்தார். அவரே மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தது. தங்கத்தாள் போர்த்திய உடம்பு, நாலா பக்கமும் கொசுக்கால் மாதிரி ஆன்டெனாக்கள். மரக்கட்டையில் செருகிய பித்தளைக் கம்பியின் நுனியில் அது அந்தரத்தில் நின்றது.

"இதுல தப்பு என்னன்னு பாருங்க சார்."

மாசிலாமணியின் முகம் தெளிந்தது. பழகிய வேலை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். இரண்டு பாதிகளையும் ஒட்டிய இடத்தில் லேசாகக் கோடு தெரிகிறது என்றார். சூரியத் தகடு ஒன்று ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கொடி ஒட்டியதில் ஒரு காற்றுக் குமிழி.

"அவ்வளவுதானா?"

இன்னொரு தரம் சுற்றி வந்தார். "அவ்வளவுதான். மத்தபடி அசல் மாதிரியே இருக்கு."

குரு பித்தளைக் கம்பியை விரலால் தொட்டார். "இது?"

மாசிலாமணி சிரித்துவிட்டார். "அது கம்பி குரு."

"விண்வெளில கம்பி உண்டா?"

"இல்லதான். ஆனா கம்பியை யாரு கணக்குல சேப்பாங்க? அது இல்லேன்னா நிக்காதே."

குரு கலத்தைக் கம்பியிலிருந்து மெதுவாக உருவி மாசிலாமணியின் இரண்டு கைகளிலும் வைத்தார். கம்பியையும் கட்டையையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இதை சிக்கந்தர் வீட்டுல வச்சிட்டு வாங்க."

"எப்படி வைக்கிறது? எந்தப் பக்கம் வச்சாலும் ஆன்டெனா ஒடிஞ்சிருமே."

"அது உங்க பாடு."

குரு மறுபடி அரத்தை எடுத்துக்கொண்டார்.

இரண்டு கையும் மாட்டிக்கொண்ட பிறகு ஸ்கூட்டரை எப்படி ஓட்டுவது? ஆட்டோவில் ஏறினார். மூக்கு அரித்தது, சொறிய முடியவில்லை. கலத்தைக் கொஞ்ச நேரம் இருக்கையில் வைக்கலாமா என்று பார்த்தார். அதற்கும் வழியில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ட்ரோனா சார்? கல்யாணத்துக்கா?"

"சமாதானத்துக்கு," என்றார் மாசிலாமணி. வேகத்தடை வரும்போதெல்லாம் மெதுவா, மெதுவா என்று கெஞ்சினார். வாழ்நாளில் எதையும் அவர் இவ்வளவு பதவிசாகத் தூக்கியதில்லை.

சிக்கந்தரின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. திரைச்சீலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டக் கை இல்லை. கூப்பிடலாம் என்று வாயெடுத்தவர், உள்ளே வந்த சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டார்.

உறுமல்.

திரைச்சீலை ஒதுங்கியபோது உள்ளே தெரிந்தது. டிவிக்கு இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர்கள். முன்பெல்லாம் அவை அங்கே இல்லை. எதிரே நாற்காலியில் மெஹருன்னிசா உட்கார்ந்திருந்தாள். கீழே சம்மணம் போட்டு சிக்கந்தர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

உறுமல் இடது பக்கத்து ஸ்பீக்கரில் கிளம்பியது. மெஹருன்னிசாவின் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. சத்தம் நகர நகர முகமும் கூடவே நகர்ந்தது. நடுவில் சத்தம் பெருத்தபோது மோவாய் கொஞ்சம் உயர்ந்தது, தலைக்கு மேலே எதுவோ பெரிதாகப் போவதை அண்ணாந்து பார்க்கிறவர்கள் மாதிரி. பிறகு வலது பக்கம். பிறகு இன்னும் வலது பக்கம். உறுமல் தேய்ந்து அடங்கியது.

"போயிடுச்சுங்க," என்றாள்.

"போயிடுச்சு," என்றான் சிக்கந்தர்.

"பெருசு இல்ல?"

"ரொம்பப் பெருசு."

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இரண்டு வருஷமாக அந்த முகத்தை மாசிலாமணி அப்படிப் பார்க்கவில்லை.

அவர் கலத்தைப் பிடித்திருந்த தன் விரலைப் பார்த்தார். வட்டம் போட்ட விரல். அதை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"வாசல்ல யாரு?" என்றாள் மெஹருன்னிசா. செருப்பு உரசிய சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"நான்தான் தங்கச்சி. மாசிலாமணி."

"வாங்கண்ணே. எத்தனை நாளாச்சு."

சிக்கந்தர் எழுந்திருக்கவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. பூண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மாசிலாமணி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கலத்தை ஏந்தியபடி உள்ளே வந்து நின்றார்.

"கையில என்னண்ணே?"

"ஒரு விண்கலம். குரு செஞ்சது."

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். அவர் குனிந்து அதை அவள் உள்ளங்கைகளில் வைத்தார். விரல்கள் தங்கத்தாளைத் தடவின, ஆன்டெனாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டன, ஒன்றையும் வளைக்கவில்லை. அடிப்பக்கம் வந்ததும் நின்றன.

"இங்க ஒரு ஓட்டை இருக்கே."

"அதுல ஒரு கம்பி இருக்கும்மா. குரு உருவிட்டாங்க."

"கம்பி இல்லாம எப்படி நிக்கும்?"

"நிக்காது," என்றார் மாசிலாமணி.

"அப்ப இது எப்படித்தான் போகும்?"

சிக்கந்தரின் கையில் பூண்டு அப்படியே இருந்தது. தலை நிமிரவில்லை. ஆனால் காது இங்கேதான் இருந்தது.

மாசிலாமணி தரையில் மண்டியிட்டார். கலத்தை ஏந்தியிருந்த அவள் கைகளைத் தன் கைகளால் தாங்கி, இடது பக்கம் கொண்டுபோனார். ஒரு நொடி தயங்கினார். பிறகு உதட்டைக் குவித்து, அடித்தொண்டையிலிருந்து உறுமத் தொடங்கினார்.

"ம்ம்ம்ர்ர்ர்ர்..."

கலம் மெல்ல நகர்ந்தது. மெஹருன்னிசாவின் முகம் அதோடு திரும்பியது.

பின்னாலிருந்து சிக்கந்தரின் குரல் வந்தது.

"இன்னும் கொஞ்சம் சத்தமா, மாசி."