பூவாயி கட்டிய இறகு

அந்தக் காலத்தில் ஆயுதங்களுக்கு வாய் இருந்தது. வில் பேசும், வேல் பேசும். அம்பு இருக்கிறதே, அது ஓயாமல் பேசும். இப்போது அவை வாயை மூடிக்கொண்டதே நல்லது, அவை சொல்வதைக் கேட்க நம்மால் தாங்காது என்பேன். கதையைக் கேளுங்கள், உங்களுக்கே தெரியும்.

மலைச்சரிவில் கடம்பன் என்று ஒரு வேட்டுவன். மலைத்தாய் அவனுக்கு ஒரு மந்திர வில்லும் ஒரு மந்திர அம்பும் கொடுத்திருந்தாள். எய்தால் குறி தப்பாது. தைத்த பிறகு அம்பு தானே அம்பறாத்தூணிக்குத் திரும்பிவிடும், மந்திரம் துளியும் குறையாது. ஒரே ஒரு முறைமை உண்டு. நாணில் ஏற்றுமுன், எதை அடிக்க வேண்டுமோ அதன் பெயரை அம்பிடம் சொல்ல வேண்டும். சொன்ன சொல் முழுதாய் நிறைவேறும்வரை அம்பு அதற்குக் கட்டுப்படும்.

அந்த அம்புக்கு இறகு கட்டியவள் அவன் மனைவி பூவாயி. இறகு நைந்தால் அவள்தான் மாற்றுவாள். அதுவரை அம்பு அவள் மடியில் கிடந்து ஊர்க்கதை பேசும்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஒரே ஒரு புனத்தில்தான் தினை விளைந்தது, அதிலும் ஒரு காட்டுப்பன்றி புகுந்து துவைத்தது. கடம்பனுக்கு வயிறு எரியாமல் இருக்குமா? காவல் பரணில் நின்றபடி அம்பை எடுத்தான்.

"இந்தத் தினைக்குள்ள கால் வைக்கிற எதையும் விடாதே" என்றான்.

"பன்றின்னு பேரைச் சொல்லுய்யா" என்றாள் பூவாயி. "கோவத்துல கொட்டின வார்த்தையை அள்ள முடியாது."

"அம்புக்கு அதுகூடவா தெரியாது?" என்று நாணை விட்டான். பன்றி ஓடிப்போய் ஓடைக்கரையில் விழுந்தது. அம்பு தூணிக்கு வந்து சேர்ந்தது.

விடிந்ததும், மிதிபட்ட கதிர்களையாவது பொறுக்கலாம் என்று பூவாயி கூடையோடு புனத்துக்குள் இறங்கினாள். தூணியில் அம்பு துடித்தது.

"என்னைப் பிடி கடம்பா" என்று கத்தியது. "கெட்டியாப் பிடி!"

பாய்ந்து பிடித்தான். அவன் கையில் மிஞ்சியது ஓர் இறகுதான். அவன் ஓடிப்போய்ச் சேர்வதற்குள், புனத்து வரப்பில் விழுந்து கிடந்த பூவாயியின் மூச்சு அடங்கியிருந்தது. கதிர்களெல்லாம் சிதறிக் கிடந்தன.

அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அம்பும் அழுதது.

"சொன்னதைத்தான் செஞ்சேன். திரும்பிடலாம்னு பார்த்தேன், என்னால முடியலையே."

அழுகுரல் கேட்டு மலைத்தாய் வந்தாள். "என்ன வேண்டும்?" என்றாள்.

"அவளைக் கொடு தாயே" என்றான் கடம்பன்.

"நான் கொடுத்ததைத்தான் என்னால் திரும்ப எடுக்க முடியும். போனதைத் திரும்பக் கொடுக்க முடியாது."

"அப்போ என் மந்திரத்தை எடுத்துக்கோ" என்றது அம்பு. "ஓர் உடம்பில் பட்டதோட அது செத்துப் போகட்டும். இன்னொரு தடவை இது வேண்டாம்."

"என் மந்திரத்தையும் எடுத்துக்கோ" என்றது வில்.

"நீ கையை விட்டுப் போகிறவனில்லை" என்றாள் மலைத்தாய். "வளைக்கிறவன் நினைத்தால் உன்னை வளைக்காமலும் இருக்கலாம். உனக்கு இருக்கட்டும்."

அன்று முதல்தான் மந்திர வில்லுக்கு மந்திரம் நிலைத்திருக்கிறது, மந்திர அம்போ பட்ட இடத்திலேயே வெறும் குச்சியாகிவிடுகிறது. இந்தக் காலத்தில் பகடை உருட்டி, தம்மையே வீரர்களாகப் பாவித்துக் கதை விளையாடுகிறவர்கள்கூட இந்த விதியை மீறுவதில்லை. ஏன் இப்படி, மந்திர அம்பு ஒரு தடவைக்குமேல் உதவாதா என்று அவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். கடம்பனைக் கேட்டால், அந்த ஒரு தடவையே அதிகம் என்பான்.