ஆளுக்கு ஒரு தடவை

சமையல் மாஸ்டர் கோமதிநாயகம் ராத்திரி ஐந்து தடவை எழுந்து ஒன்றுக்குப் போவார். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பகலில் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே தூங்கிவிடுவதுதான் தொல்லை. போன முகூர்த்தத்தில் கண்ணைத் திறந்து பார்த்தபோது கேசரி கரியாகியிருந்தது. வெள்ளிக்கிழமை அரிசி மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம். அங்கேயும் தூங்கினால் இந்த ஊரில் இனிக் கரண்டி பிடிக்க முடியாது என்று மண்டிக்காரர் சொல்லியனுப்பியிருந்தார்.

டாக்டரிடம் போனார். அவருடைய நான்கு ஆட்களும் கூடவே போனார்கள்.

"ஒரு ஆள் ராத்திரி அஞ்சு தடவை எந்திரிக்கிறது அதிகம். ஒரு தடவைன்னா பரவாயில்ல," என்ற டாக்டர், சர்க்கரை பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வந்து பூசணிக்காய் நறுக்கும்போது ஆட்களில் ஒருவனான குத்தாலம் சொன்னான்: "ஒரு ஆளுக்கு ஒரு தடவை. நாம மொத்தம் அஞ்சு பேரு."

எல்லோரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். சொரிமுத்துவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"அண்ணாச்சி போகவேண்டியத நாம போனா செல்லுமால?"

"இருநூறு தேங்கா திருவித் தாரேன்னு ஒப்புக்கிடுறது யாரு?"

"அண்ணாச்சி."

"திருவுறது?"

"நான்."

"செல்லுதா இல்லையா?"

"செல்லுது."

முறை போட்டார்கள். மாஸ்டருக்குக் கடைசி முறை, விடிகாலை நாலு மணி.

வியாழக்கிழமை கல்யாண மண்டபத்தில் படுத்தார்கள். பத்தரைக்கு மாஸ்டருக்கு முட்டியது. குத்தாலத்தை எழுப்பினார். அவன் போய்விட்டு வந்து, "முடிஞ்சுட்டு. நிம்மதியாப் படுங்க," என்றான்.

மாஸ்டர் படுத்தார். நிம்மதி வரவில்லை. புது ஏற்பாடு, கொஞ்சம் நேரமாகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டுக்கும் ஒன்றரைக்கும் மற்ற இருவர் போய் வந்தார்கள். இரண்டரைக்குப் போன சொரிமுத்து கொல்லையில் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினான்.

"எனக்கு வரல்ல அண்ணாச்சி."

"எனக்கு வருதேல."

"உங்க முறை நாலு மணிக்குல்லா?"

நியாயம்தான். சொரிமுத்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தான். அவனுக்குத் துணையாக மற்ற மூவரும் எழுந்து உட்கார்ந்தார்கள். மாஸ்டர் காலைப் பின்னிக்கொண்டு கடிகாரத்தையே பார்த்திருந்தார். நாலு அடித்ததும் அவர் போன வேகத்தில் வாசலில் இருந்த பூசணிக்காய்கள் உருண்டன. திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. ஒரே ஒரு தடவை. டாக்டர் சொன்ன கணக்கு.

காலையில் பருப்பு வேகும்போது மாஸ்டரின் தலை ஆடியது. குத்தாலம் பார்த்துவிட்டான்.

"அண்ணாச்சிக்குத் தூக்கம் வருதுலே. இதையும் பிரிச்சுக்கிடுவோம்."

நான்கு பேரும் பாயை விரித்தார்கள்.

ஒன்பது மணிக்கு மண்டிக்காரர் வந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நறுக்காத காய் மலைபோலக் கிடந்தது. அதன் ஓரத்தில் நான்கு பேர் குறட்டை விட, மாஸ்டர் அவர்களுக்கு வாழையிலையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"நீரு தூங்கலையே?"

"இல்ல மொதலாளி."

"பின்ன இவனுக? பத்து மணிக்குப் பந்தி. எழுப்பும் ஓய்."

மாஸ்டர் உதட்டில் விரலை வைத்தார்.

"மெல்லப் பேசுங்க. இவங்கள எழுப்புனா, என் தூக்கம்லா கெட்டுப்போகும்."