தணிகாசலத்தின் கேரவன்

சினிமாக்காரர்களுக்குக் கேரவன் வாடகைக்கு விடுகிற தணிகாசலத்துக்குப் பகட்டு மட்டும் புதுசு, வண்டியெல்லாம் பழசு. கனமான ஜெனரேட்டர் டிரெய்லரை இழுத்துப்போன ஒரு கேரவன், அடிச்சட்டமான சேசிஸ் முறிந்து கவிழ்ந்ததில் டிரைவர் சன்னாசி செத்துப்போனான். "குடிச்சிட்டு ஓட்டினான்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார் முதலாளி. சன்னாசி காபிகூடக் குடிக்காதவன்.

போக்கிடம் இல்லாத அவன் மனைவி குருவம்மா அதே முதலாளியின் வண்டி ஷெட்டைத்தான் கூட்டிப் பெருக்கினாள்.

அதே வண்டியை நிமிர்த்தி, சேசிஸுக்கு ஒரு துண்டு இரும்புகூடச் சேர்க்காமல் பெயின்ட் அடித்து, மறுபடி டிரெய்லரை மாட்டிப் பூஜையும் போட்டார் தணிகாசலம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் வேலை குருவம்மாவுக்கு.

வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "முதல் ஓட்டத்துக்கு முதலாளி குடும்பத்தோட உக்காரணுமே, அதுதானே நம்ம வழக்கம்? இன்னிக்கு டிரைவர் குடிக்கலைய்யா, பயப்படாம ஏறுங்க."

தணிகாசலம் அசையவில்லை. அவர் மனைவிதான் பட்டுப்புடவை சரசரக்கப் படியில் கால் வைத்தாள்.

"இறங்குடி! சேசிஸ் தாங்காது!" என்று அலறினார்.

கூடியிருந்த டிரைவர்கள் அவரையே பார்த்தார்கள்.

"எம் வீட்டுக்காரரும் அதைத்தானேய்யா உங்ககிட்டச் சொன்னாரு" என்றாள் குருவம்மா.

ஒருத்தனும் சாவியைத் தொடவில்லை. அன்றே சேசிஸுக்குக் கெட்டியான இரும்புப் பட்டை வைத்து வெல்டு அடிக்க ஆள் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்குத்தான் சன்னாசி இல்லை.