தெற்குத் தெருவில் உருகிய மன்னர்

ரொம்ப காலத்துக்கு முன்னால், மருதங்கோட்டையைத் தலைநகராக வைத்துக்கொண்டு கனகராயர் என்றொரு மன்னர் ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கடைசியாக யார் காதைக் கடித்தார்களோ அவர் பேச்சுதான் அவருக்கு வேதவாக்கு. அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே ஆசனம் போட்டு உட்கார்ந்திருந்தவர் பிரதானி அம்பலவாணர்.

பிரதானிக்கு ஒரு பொறாமை. மனிதர்கள் மேல் என்றாலாவது சரி, இவருக்கு மரங்கள் மேல்! தெற்குத் தெருவில் இருந்த மரங்களையெல்லாம் வெட்டிவிட்டு, வெள்ளைக் கல் பாவி, கண்ணாடி மாதிரி இழைத்து வைத்தவர் அவர். அதற்காக மன்னர் போர்த்திய பட்டுச் சால்வையைச் சித்திரை வெயிலிலும் கழற்றாமல் திரிந்தார். என்ன பிரயோசனம்? பொழுது ஏறினால் அந்தத் தெருவில் காக்கைகூட இறங்காது. ஊரே வடக்குத் தெருப் புங்கமரங்களுக்கு அடியில்தான் கிடக்கும்.

"மகாராஜா, வடக்குத் தெருவில் தாங்கள் பவனி போனால் ஜனங்களுக்குக் கிரீடமா தெரிகிறது? இலைதான் தெரிகிறது. போதாக்குறைக்குப் போன மாதம் ஒரு காக்கை..." என்று இழுத்தார் பிரதானி.

மன்னருக்கு அந்தக் காக்கை நன்றாகவே ஞாபகம் இருந்தது. "என் பிறந்தநாள் முடிந்த கையோடு வெட்டிவிடுங்கள்" என்றார்.

செய்தி சிலம்பாயி காதுக்கும் வந்தது. வடக்குத் தெருவில் வெண்ணெய் விற்கிறவள் அவள். மரம் போனால் வெண்ணெய் நிற்காது. வெண்ணெய் நிற்காவிட்டால் அவளும் இந்த ஊரில் நிற்க முடியாது. தெற்குத் தெருவில் அவள் கடை போட்டிருந்த காலமும் உண்டு. அங்கே மரம் விழுந்த மறுநாளே கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தானே!

மன்னரின் பிறந்தநாளுக்கு வெண்ணெய்க்காரர்கள் அவர் முகத்தை வெண்ணெயில் செய்து, ஊர்வலமாகக் கொண்டுவந்து சபையில் வைப்பது அந்த ஊர் வழக்கம். அந்த முகத்தோடு நடக்கிறவர் யாரானாலும் காலில் செருப்பு கூடாது. சிலம்பாயி காலையிலேயே சபைக்குப் போய் நின்றாள்.

"மகாராசா, இந்த வருசம் ரெண்டு முகம் செஞ்சிருக்கேன். ஒரே பானை வெண்ணெய், ஒரே அச்சு."

"ஏன், எனக்கு ஒரு முகம் போதாதா?" என்று சிரித்தார் மன்னர்.

"ஒண்ணை நான் வடக்குத் தெரு வழியாக் கொண்டு வர்றேன். இன்னொண்ணைப் பிரதானி ஐயா அவரு போட்ட தெரு வழியாக் கொண்டு வரட்டும். உச்சி வேளையில கோட்டை வாசல்ல கிளம்புவோம். உங்க முகம் எந்தத் தெருவுல முழுசா வருதோ, அதுதான் ராசா போகிற தெரு. நான் தோத்தா முதல் மரத்தை நானே வெட்டிட்டு ஊரை விட்டுப் போயிடறேன்."

"வெண்ணெய்த் தட்டைச் சுமக்க நானா?" என்று சீறினார் பிரதானி.

"மகாராசா முகத்தைச் சுமக்கறது உங்களுக்குக் கௌரவக் குறைச்சலா சாமி?"

மன்னர் சரியென்று தலையசைத்தார். பிரதானி முனகிக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு தெருவும் ஒரே நீளம். சிலம்பாயி தட்டை ஏந்தி நடந்தாள். அவசரப்படவில்லை. புங்க இலைகள் தலைக்கு மேலே கூரை போட்டிருந்தன. அரண்மனை வாசலில் அவள் தட்டை இறக்கியபோது மன்னரின் மீசை நுனி முறுக்கு மாறாமல் நின்றது.

பிரதானி கால் சுட, ஓட்டமும் துள்ளலுமாக வந்தார். வழியிலேயே கிரீடம் சரிந்தது, பிறகு மூக்கு வழிந்தது, மீசை தாடையைத் தாண்டி இறங்கியது. வந்து சேர்ந்தபோது தட்டில் பாதி நெய், மீதி அவர் சால்வையில்.

மன்னர் தட்டை எட்டிப் பார்த்தார். "இது யார்?"

"தா... தாங்கள்தான், மகாராஜா."

வாசலில் கூடியிருந்த சபை முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு தவித்தது. பிரதானி அலறினார்: "சூழ்ச்சி! அந்த வெண்ணெயில் இவள் ஏதோ கலந்திருக்கிறாள்!"

"கலந்தாளா இல்லையா என்று என் கால் சொல்லட்டும்" என்று மன்னர் செருப்பைக் கழற்றினார். அவர் வெறுங்காலோடு தெருவில் இறங்கியதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

வெள்ளைக் கல்லில் கால் வைத்த மன்னர் துள்ளினார். மேலேயிருந்து வெயில், கீழேயிருந்து கல்லின் சூடு, இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் அனல். பத்தடி தாங்கவில்லை. அப்படியே திரும்பி வடக்குத் தெருவுக்குள் ஓடினார்.

அங்கே போனதும் நின்றுவிட்டார்.

காலடி மண் சில்லென்றிருந்தது. காற்றே வீசவில்லை, ஆனாலும் யாரோ தொடுவதுபோல் உடம்பு குளிர்ந்தது. மரத்தடியில் ஒரு வளையல்காரர் வாய் திறந்தபடி தூங்கினார். ஒரு கன்றுக்குட்டி அவர் மடியில் தலை வைத்திருந்தது. பல்லக்கை விட்டு இறங்காமலே வளர்ந்த மன்னர், தன் ஊரை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல் அண்ணாந்து நின்றார்.

"நிழல் என்றால் வெயில் படாத இடம் என்றுதானே நினைத்தேன். இது வேறு என்னவோ, அம்மா!" என்றார், பின்னாலேயே ஓடிவந்த சிலம்பாயியிடம்.

"கோட்டைச் சுவருக்கும்தான் நிழல் இருக்கு மகாராசா, இந்தக் குளிர்ச்சி இல்லையே. மண்பானை வேர்க்கிறப்போ தண்ணி சில்லுன்னு ஆகுதில்ல? மரமும் அப்படித்தான். வேருல குடிச்ச தண்ணியைக் கண்ணுக்குத் தெரியாம இலையில வேர்த்து விடுது. ஒரு மரம் ஒரு நாளைக்கு எத்தனை குடம் குடிக்கும்னு எனக்கே தெரியாது."

மன்னர் அடிமரத்தில் கை வைத்தார். கண் கலங்கியது. "பன்னிரண்டு பேர் விசிறியும் என் அறையில் கிடைக்காத சுகம். ஊருக்கே இது சும்மா விசிறுகிறதே! இதையா நான் வெட்டச் சொன்னேன்?"

அன்றே தீர்ப்பு வந்தது. சிலம்பாயியின் சம்மதமில்லாமல் வடக்குத் தெருவில் ஒரு கிளையையும் யாரும் தொடக்கூடாது. தெற்குத் தெருவின் இரண்டு ஓரமும் கல்லைப் பெயர்த்துப் புங்கங்கன்று நடவேண்டும். பிரதானியின் சால்வையும் ஆசனமும் பறிபோயின; கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது இனி அவர் வேலை. "அம்பலவாணரே, ஒவ்வொரு வருஷமும் என் முகத்தை நீர்தான் அந்தத் தெரு வழியாகக் கொண்டுவர வேண்டும். என்றைக்கு மீசை சிதையாமல் வந்து சேருகிறதோ, அன்றைக்குச் சால்வையையும் ஆசனத்தையும் வாங்கிக்கொள்ளும்."

முதல் வருஷம் வந்தது நெய். மூன்றாம் வருஷம் காது ஒன்று தப்பியது. ஆறாம் வருஷம் மூக்கும் நின்றது.

ஒன்பதாம் வருஷம் அரண்மனை வாசலில் மன்னர் சால்வையோடு காத்திருந்தார். தட்டு வரவில்லை. கவலைப்பட்டுத் தேடிப்போன சிலம்பாயி பாதித் தெருவில் அம்பலவாணரைக் கண்டாள். தான் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தடியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து உட்கார்ந்திருந்தார். தட்டில் மன்னரின் மீசை முறுக்கு மாறாமல் நின்றது.

"ஐயா, எந்திரிங்க. மகாராசா சால்வை வச்சுக்கிட்டு நிக்கிறாரு."

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேன், ஆத்தா. அவசரம் என்ன, வெண்ணெய் உருகவா போகுது?" என்றார் அவர்.