முயல் போட்ட சிறுத்தை வேஷம்

“‘கூவல் கேட்கவே இல்லை! சிறுத்தை வந்தது, கூவல் கேட்கவே இல்லை!’ இதைத்தானே காலையிலிருந்து சொல்லிக்கிட்டு இருக்கே? எனக்கென்ன காது செவிடா?” என்று மந்தி எரிந்து விழுந்தது.

புள்ளிமான் விடவில்லை. “கேட்கலைன்னா கேட்கலைதான், மந்தியக்கா! என் குட்டி துள்ளி ஓடினதால பிழைச்சது. வாலுக்குப் பக்கத்துல நகம் வந்துருச்சு!”

அந்தக் காட்டில் கோடைக்கு வற்றாத குளம் ஒன்றுதான். தூரத்து மேட்டில் ஓர் இலுப்பை மரம். அதன் உச்சியிலிருந்து மந்தி சிறுத்தையைப் பார்த்தால் கூவும். நடுவழியில் பாறைமேல் இருக்கும் மயில் அதைக் கேட்டுத் தானும் கூவும். குளத்தில் தண்ணீர் குடிப்பவர்கள் ஓடிவிடுவார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தது மந்திதான். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், குறை இருந்தால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றும் அதுவே அறிவித்திருந்தது. சொன்னால் மட்டும் கோபம் வந்துவிடும்!

“என் மரத்துல நல்லாத்தான் கேட்குது!” என்றது மந்தி.

“உங்க மரத்துல கேட்டு எனக்கென்ன ஆகணும்? நான் குளத்துலதானே நிற்கிறேன்!” என்றது மான்.

அந்த நேரத்தில் கீரி குறுக்கே வந்தது. குறை சொல்ல காடே திரண்டு வரும். அதைக் காது கொடுத்துக் கேட்டு, எது நிஜம், எது அவசரம் என்று பிரித்துப் பார்க்க இந்தக் கீரி ஒன்றுதான் இருந்தது. யாரும் அதைக் கூப்பிடவில்லை, யாரும் அதற்கு எதுவும் தரவில்லை. தானாக வந்து உட்கார்ந்த ஆள்.

“எனக்கும் ஒரு குறை இருக்கு!” என்று எருமை இடையில் புகுந்தது. “மயில் குரல் நாராசமா இருக்கு!”

“இருக்கட்டும். அதுக்கு அவசரமில்லை,” என்றது கீரி.

“கூவினா என் தூக்கம் கெடுது!” என்றது காட்டுப்பன்றி.

“அதுக்குத்தான் கூவறதே! போ அந்தப் பக்கம்!” என்று விரட்டிவிட்டுக் கீரி மானிடம் திரும்பியது. “உன்னுது உயிர்ப் பிரச்சனை. வா, அன்னிக்கு நடந்ததை அப்படியே திரும்பச் செய்து பார்ப்போம். யாராவது சிறுத்தையா நடக்கணும்.”

“நான் நடக்கறேன்!” என்றது முயல். மீசையை முறுக்கிக்கொண்டு, முதுகைத் தாழ்த்தி, என்னமோ காட்டையே விழுங்கப்போவதுபோல் கிளம்பியது. மான் நின்ற இடத்தில் ஆமை போய் நின்றது. நிற்கச் சொன்னால் நிற்கும், கேட்கச் சொன்னால் கேட்கும். அப்படி ஒரு ஆள் கிடைப்பது லேசா?

மந்தி கூவியது. மயில் கூவியது. “கேட்டுச்சு!” என்றது ஆமை.

எதிர்காற்றில் செய்து பார்த்தார்கள். கேட்டது. உச்சி வெயிலில் செய்து பார்த்தார்கள். அப்போதும் கேட்டது. முயலின் நாக்கு வெளியே தள்ளிவிட்டது. மேய்ச்சலை விட்டுவிட்டு வந்திருந்தும் அது முணுமுணுக்கவில்லை.

“பார்த்தியா! ஒரு குறையும் இல்லை. இதோட இந்தப் பேச்சை மூடுங்க!” என்றது மந்தி.

“பயத்துல மானுக்குக் காது அடைச்சிருக்கும்,” என்று பன்றி சிரித்தது.

மான் தலையைக் குனிந்துகொண்டது. “சரி. குட்டியைக் கூட்டிக்கிட்டு நான் மலைக்கு அந்தப் பக்கம் போயிடறேன்.”

மலைக்கு அந்தப் பக்கம் கோடையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அது எல்லாருக்கும் தெரியும்.

“நில்லு!” என்றது கீரி. “எங்களால செய்து காட்ட முடியலைன்னா நீ சொன்னது பொய்னு ஆகாது. சிறுத்தையை விடு. அதுக்கு முன்னாடி என்னென்ன பார்த்தே? தேவையில்லாததையும் சொல்லு.”

மான் யோசித்தது. “வெயிலா இருந்தது. ஒரு நாரை மீன் பிடிச்சுக்கிட்டு இருந்தது. பாறைப் பக்கமா ஒரு பெண்மயில் போச்சு...”

கீரி எழுந்து ஓடியது. புதருக்குள் இருந்த பெண்மயிலைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னது.

“பாறை ஓரமா நடக்கணும், அவ்வளவுதானே? எனக்கென்ன கிடைக்கும்?”

“ஒண்ணும் கிடைக்காது.”

“பரவாயில்லை, வர்றேன்,” என்றது பெண்மயில்.

முயல் மறுபடி சிறுத்தையானது. பெண்மயில் பாறை ஓரமாக நடந்தது. அவ்வளவுதான்! மயில் தோகையை விரித்தது. சிலிர்த்தது, சுற்றியது, ஆடியது. மேட்டிலிருந்து மந்தி தொண்டை கிழியக் கூவியும் அதன் காதில் எதுவும் ஏறவில்லை. குளத்தில் ஆமை அமைதியாக நின்றது. முயல் நேரே, ஆமைக்குப் பக்கத்தில் நின்ற மான்குட்டியிடம் போய் அதன் முதுகில் கால் வைத்தது.

“கவ்விட்டேன்!”

மான் பாய்ந்து வந்து குட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கீரியோ துள்ளிக் குதித்தது. “கேட்கலை! கேட்கலை!”

“கீரிக்குப் பித்துப் பிடிச்சிருச்சு!” என்றது எருமை.

“குறை கையில சிக்கிடுச்சு, அண்ணே! இனி சரி பண்ணிடலாம்!”

மந்தி மரத்தைவிட்டு இறங்கி வந்தது. எல்லார் முன்னாலும் மானிடம், “நீ சொன்னது சரி. நான்தான் கேட்டுக்கலை,” என்றது. அதைச் சொல்லவும் ஒரு மனசு வேண்டும்.

“அப்போ இனிமே நான் ஆடவே கூடாதா?” என்று மயில் முகத்தைத் தூக்கியது.

“தாராளமா ஆடுங்க, மயிலாரே! உங்களை மட்டுமே நம்பினது எங்க தப்பு,” என்றது மந்தி. பொட்டலில் இருந்த ஆள்காட்டிக் குருவியைக் கெஞ்சி, அதையும் கூவச் சொல்லி ஏற்பாடு செய்தது. குறை சரியாகிவிட்டதா என்று பார்க்க முயல் மறுபடி நடந்தது. இந்த முறை மயில் ஆடிக்கொண்டிருந்தபோதே ஆமை, “கேட்டுச்சு!” என்றது.

சில நாள் கழித்து நிஜச் சிறுத்தை வந்தது. மயில் ஆட்டத்தில் இருந்தது. ஆள்காட்டி அலறியது. மானும் குட்டியும் பாய்ந்து மறைந்தன. சிறுத்தை வெறும் சேற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பியது.

“ஆகா, மந்தியின் ஏற்பாடே ஏற்பாடு!” என்று காடே புகழ்ந்தது. முயலையும் ஆமையையும் பெண்மயிலையும் யாரும் நினைக்கவில்லை. அவை அதை எதிர்பார்க்கவும் இல்லை.

நாம் நிம்மதியாகக் குடிக்கும் ஒவ்வொரு மடக்குத் தண்ணீருக்கும், கூலி கேட்காமல் குறையைத் தேடிப் பிடித்த யாரோ ஒருவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

அன்று குளக்கரையில் எல்லாரும் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கீரி வந்து நின்றது. “மழை பெய்யறப்போ வடகரையில கூவல் கேட்கலைன்னு நாரை சொல்லுது. நாங்க சிலபேர் இருக்கோம், போதலை. மழையில நனைஞ்சுக்கிட்டு அங்க நின்னு கேட்க இன்னும் ஒருத்தர் வேணும். யாராவது வர்றீங்களா?”