நான்காம் நாள் ரத்தம்

பதினான்கு வருடம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலும் இருமலும் பார்த்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் அறுவை சிகிச்சை படிக்க வந்தவர் மாசிலாமணி. அவருக்குக் கற்றுக்கொடுத்த டாக்டர் ஜெசிந்தா அவரைவிட ஆறு வயது சின்னவர். அதில் மாசிலாமணிக்குக் கூச்சம் கிடையாது.

பரோட்டா மாஸ்டர் சங்கிலிமுத்துவுக்குக் குடலில் கட்டி. கெட்ட பகுதியை வெட்டியெடுத்தது ஜெசிந்தா. மிச்சமிருந்த இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தது மாசிலாமணி. அவர் தனியாகப் போட்ட முதல் குடல் தையல் அது. நான்கு நாளாகப் பெருமை பிடிபடவில்லை மனுஷனுக்கு.

நான்காம் நாள் காலை, காற்று பிரிந்ததா என்று வழக்கம்போலக் கேட்டார். பிரிந்தது என்றார் சங்கிலிமுத்து. வயிற்றை அமுக்கினால் வலியில்லை என்று சிரித்தார். காய்ச்சலும் இல்லை. இட்லி கொடுக்கலாம் என்று எழுதப் போன நேரத்தில் ரத்த அறிக்கை வந்தது.

உடம்புக்குள் சீழ் பிடித்தால் ஏறுகிற சி.ஆர்.பி. நேற்று நூற்றெண்பது, இன்று இருநூற்று நாற்பது. வயிற்றை அறுத்தால் முதல் இரண்டு மூன்று நாள் அது ஏறத்தான் செய்யும். பிறகு இறங்கியாக வேண்டும்.

லேப்பில் யாருடைய ரத்தத்தையோ மாற்றிவிட்டார்கள் என்று முணுமுணுத்தபடி ஜெசிந்தாவிடம் போனார்.

"ஆள் நல்லாத்தான் இருக்கார் மேடம். நம்பரை நம்புறதா, ஆளை நம்புறதா?"

"ஸ்கேன் எடுங்க. இட்லி இப்ப வேண்டாம்."

ஸ்கேனில் தையலோரம் கசிவு தெரிந்தது. மதியத்துக்குள் வயிற்றை மறுபடி திறந்து, கழுவி, குடல் முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்து, மலம் சேர ஒரு பையைப் பொருத்தினார்கள். நாளை வரை விட்டிருந்தால் ஆளைப் பறிகொடுத்திருப்போம் என்று மயக்க மருந்து டாக்டர் சொன்னார்.

ஐந்தாறு நாளில் எண் எழுபதுக்கு இறங்கியது. தேறி உட்கார்ந்த சங்கிலிமுத்து உண்மையைக் கக்கினார். காற்று பிரிந்தது என்று சொன்னால்தான் சாப்பாடு, சாப்பிட்டால்தான் வீடு என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்லிக்கொடுத்தாராம். மகளுக்கு அந்த வாரம் நிச்சயதார்த்தம். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்திருக்கிறார்.

மாசிலாமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக ஜெசிந்தாவிடம் போனார்.

"பொய் சொல்லியிருக்கார் மேடம். ஆளை நம்பினது என் தப்பா?"

ஜெசிந்தா கையுறையைக் கழற்றிக்கொண்டே அவரைப் பார்த்தார்.

"நீங்க நம்பினது அவரையா, உங்க தையலையா?"