ஒட்டுப்போட்ட வண்டி

"மூணு மாசமாச்சுங்க வாத்தியாரே. மனசு விட்டுப் பேச ஒரு ஆள் கெடைக்கலை. இந்தக் கியர் லிவரை மட்டும் சரி பண்ணிக் குடுங்க. லுசாகா போனதும் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிட்டு ஃபிளைட் ஏறிடறேன்."

சொன்னவர் திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் முப்பது வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். மனைவி போன பிறகு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. கேப் டவுனில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, கெய்ரோ வரை ஓட்டப்போகிறேன் என்று தனியாகக் கிளம்பிவிட்டார். பாதி தூரம்கூட வந்தபாடில்லை.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு சாம்பியாவுக்கு வந்து, ஊர் ஊராகப் போர்வெல் போடும் கூட்டத்தில் ஃபிட்டர். மோட்டார் சைக்கிளில் வந்தவரைவிட இருபது வயது சின்னவர். எது உடைந்தாலும் எதையாவது வைத்து ஓடவைத்துவிடுவார். அதனால் கேம்ப்பில் அத்தனை பேருக்கும் அவர் வாத்தியார். வந்தவரும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

லிவர் இருந்த இடத்தை ஒரு குறடு கடித்துக்கொண்டிருந்தது. அதை மிதித்து மிதித்தே அறுபது கிலோமீட்டர் வந்திருந்தார்.

வாத்தியார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்னால் கேரியரை ஆட்டிப் பார்த்தார்.

"இது ஆருங்கண்ணா கட்டுனது?"

"நமீபியாவுல ஒருத்தன். டயர் ட்யூபை வார் வாரா அறுத்துக் கட்டுனான். இன்னிக்கு வரைக்கும் அசையலைங்க."

"பேரு?"

"கேக்கலை."

கால் வைக்கும் இடத்தில் இரும்புக்குப் பதில் மரக்கட்டை இருந்தது.

"இது?"

"போட்ஸ்வானா. கழுதை வண்டி செய்யறவரு. அன்னிக்கு மத்தியானச் சோறும் அவங்க வீட்லதான்."

"பேரு?"

வந்தவர் தலையைச் சொறிந்தார்.

சைலன்சரைச் சுற்றிப் பால்பவுடர் டின்னின் தகடு.

"அது லிவிங்ஸ்டன் டவுனைத் தாண்டி ஒரு அம்மா. சூடா இருக்கயிலயே புடிச்சுக் கையைச் சுட்டுக்கிட்டாங்க, பாவம்."

இந்தத் தடவை வாத்தியார் பேரைக் கேட்கவில்லை.

"அவங்க வேலை செய்யறப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஸ்பேனரையே பாத்துட்டு நிப்பேன். அசலூரு பாருங்க. கண்ணு அசந்தா நல்ல பார்ட்டைக் கழட்டிட்டு ஓட்டையை மாட்டி உட்ருவாங்களே."

"ஆராச்சும் மாட்டுனாங்களா?"

"இல்லீங்க."

வாத்தியார் பழைய சாமான் குவியலில் கிளறி, வாய் தேய்ந்த பதினேழாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றை எடுத்தார். காய்ச்சி வளைத்தார். முனையில் ஒரு போல்ட்டை வைத்துப் பற்றவைத்தார்.

வந்தவர் பற்றவைக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. அப்படியும் அகலவில்லை.

"ரெண்டு வாய் உண்டுட்டுப் போங்கண்ணா."

"இல்லீங்க. பொழுதோட லுசாகா போகணும்."

போய்விட்டார்.

கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. இருபுறமும் காய்ந்த புல். சாயங்காலமானால் எப்போதும் வரும் வெறுமை இன்று சீக்கிரமே வந்துவிட்டது.

ஊருக்குப் போனதும் மகளிடம் இந்த லிவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். ஸ்பேனரையே லிவராக்கிட்டான்மா என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார்.

யாருப்பா, என்பாள் அவள்.

சாம்பியாவுல ஒருத்தன்.

பிரேக்கை அழுத்தினார். இன்ஜின் ஓட, நடு ரோட்டிலேயே காலை ஊன்றினார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

சத்தம் கேட்டு ரிக் வண்டிக்கு அடியிலிருந்து வாத்தியார் வெளியே வந்தார். முதலில் லிவரைத்தான் பார்த்தார்.

"வெல்டிங் உட்டுப்போச்சுங்களா?"

"இல்லீங்க. வண்டிக்கு ஒண்ணுமில்லை."

"பின்னே?"

"உங்க பேரு என்னங்க?"

வாத்தியார் கையிலிருந்த கிரீஸைப் பேண்ட்டில் துடைத்தார். கொஞ்சம் கூச்சப்பட்டது போலிருந்தது.

"சென்னியப்பனுங்க. அத்தனை வெளக்கம் கேட்டுப்போட்டு, நானும் கேக்காமயே அனுப்பிட்டனே. உங்க பேருங்கண்ணா?"

மூன்று மாதமாக பாஸ்போர்ட்டில் மட்டும் இருந்த பேர். தொண்டையைச் செருமிக்கொண்டுதான் சொல்ல முடிந்தது.

"ஆறுச்சாமி."

"ஆறுச்சாமியண்ணா," என்று கூப்பிட்டார் சென்னியப்பன்.

ஆறுச்சாமி அதுவரை ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை அணைத்தார்.